பொம்மை நின்ற இடமெல்லாம்

சட்டையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் எனக்குச் செக்கர் என்று பெயர். தைத்து முடித்த சட்டை என் மேஜைக்கு வரும். காலர், கை, பட்டன், அடிமடிப்பு என்று வரிசையாகப் பார்ப்பேன். எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதோ, அங்கே சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுவேன். தைத்தவளிடமே அது திரும்பிப் போகும். அவள் என்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே பிரித்துத் தைப்பாள். சரியாக இருக்கும் சட்டையில் நாங்கள் எதையும் ஒட்டுவதில்லை. அது பேசாமல் பெட்டிக்குள் போய்விடும். நல்ல சட்டையை நின்று பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

என் அம்மாவும் அதே கம்பெனியில்தான் டெய்லராக இருந்தாள். காலர் தைப்பாள். நான் செக்கராக ஆன புதிதில் அவள் தைத்த சட்டையிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, "பெத்தவ மேலயே அம்பு விடறியே, நல்லா இருப்படி நீ" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே சட்டை மூன்று தடவை ஸ்டிக்கரோடு திரும்பி வந்தால் அப்புறம் அதைத் தொடமாட்டாள். "இது தேறாது. ரிஜெக்ட்ல போடுங்க" என்று சூப்பர்வைசர் பக்கம் வீசிவிடுவாள். துணியே நொந்துபோன பிறகு ஊசி குத்தி என்ன பிரயோஜனம் என்பது அவள் கட்சி. அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில், லாரி நுழைந்தால் எதிரே பைக் வர முடியாத ஒரு சந்தில் இருந்தது. அப்பா கட்டியது. இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் தனியாக ஒரு பாத்ரூம். அப்பா போன பிறகு வீடு அம்மா பேருக்கு வந்தது. தம்பி கல்யாணமாகி ஹெண்ணூர் பக்கம் எட்டாவது மாடிக்குக் குடிபோனான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஊரில் நாலு பேர் நாலு காரணம் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நானும் அம்மாவுமாக அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

ஒரு நாள் காலையில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் தம்பி தன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"அந்த வீட்ல எப்பிடிக்கா வெச்சுக்குவே? கீழ உக்கார்ற டாய்லெட்டு. தரை வழுக்குது. மழை பெஞ்சா ஹால்லயே தண்ணி சொட்டுது. நீயும் வேலைக்குப் போயிடுவே. எல்லாம் சரி பண்ணு, நானே கொண்டாந்து விடறேன். நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

அவன் பேசினால் மறுக்க முடியாது. அப்படிப் பேசட்டும் என்றுதானே நானும் அம்மாவும் ஓவர்டைம் செய்து அவனைப் படிக்கவைத்தோம். கார் ஜன்னல் வழியாக அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் சரி பண்ணுடி. அவ்ளோ ஒசரத்துல எனக்கு ஒத்துக்காது. அங்க போயி நான் யாரோட சண்ட போடறது?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல், "ரெண்டு மாசம்மா, அவ்ளோதான்" என்றேன். ஒன்றரை வருஷம் ஆயிற்று.

கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார், மேலே பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், நாளைக்கு வருகிறேன் என்று போனார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. இரண்டாவதாக வந்தவர், "சின்ன வேலைக்கெல்லாம் ஆள் கெடைக்க மாட்டாங்க மேடம், இடிச்சுக் கட்டறதா இருந்தா சொல்லுங்க" என்றார். போங்கடா என்று நானே இறங்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். காலையில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுநாள். குழாய்க்கு வாஷர் மாற்றுவது, கதவுக் கீல் மாற்றுவது, விரிசலைக் கொத்தி அகலமாக்கிச் சிமெண்டு அடைப்பது, காய்ந்த பிறகு பட்டி பூசி உப்புத்தாள் தேய்ப்பது. முதல் மாதம் நகத்தில் பாதி இல்லை. சந்து முனையில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே கன்னடத்தில், "அக்கா, இவத்து ஏனு ஒடெதோய்த்து?" என்பார். இன்றைக்கு என்ன உடைந்தது என்று கேட்பதுதான் எனக்கு அவர் சொல்லும் வணக்கம்.

இதில் பொம்மை எங்கே வந்தது என்றால், அதுவும் ஒரு எரிச்சலில்தான் வந்தது. தம்பி மகளுக்கு என்று சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் ஆசையாக ஒரு பொம்மை வாங்கினேன். ஒரு சாண் உயரம், சுருட்டை முடி, சாய்த்தால் கண் மூடும். இடது கண் மூடினால் திறக்காது, தட்ட வேண்டும். ஒரு வாரத்தில் தம்பி மனைவி அதைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "பிளாஸ்டிக் ஸ்மெல் அவளுக்கு அலர்ஜி அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க." நான் தப்பாகத்தான் நினைத்தேன். பொம்மையைக் கொண்டுவந்து பிரிட்ஜ் மேல் உட்காரவைத்தேன்.

ஹால் சுவர் விரிசலைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னபோது, "எவ்ளோ பெருசுடி?" என்று கேட்டாள். வாயால் சொல்லத் தெரியவில்லை. பொம்மையை எடுத்து விரிசலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்து எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன். விரிசல் பொம்மையைவிட இரண்டு மடங்கு உயரம். ஒரு கண் மூடிக்கொண்டு நின்ற அந்தப் பொம்மையைப் பார்த்து அம்மா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். "ஏண்டி, அவ யாருக்குடி கண்ணடிக்கிறா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். மறுநாள் காலையில் போன் வந்தது. "இன்னிக்கு எங்க நிக்கறா உன் ஆளு?"

அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். தினம் ஒரு படம். காலை ஆறரைக்குச் சமையல்கட்டு ஜன்னல் கம்பி வழியாக வெயில் சரிந்து விழும். இருபது நிமிஷம்தான் இருக்கும். அதற்குள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு உடைந்த இடத்துக்கு ஓடுவேன். ஒழுகும் குழாய்க்குக் கீழே அவள் குடை பிடிப்பாள். பெயர்ந்த தரையில் குழிக்குள் இறங்கி எட்டிப் பார்ப்பாள். பாட்டில் மூடி ஒன்றை மஞ்சள் பெயிண்டில் தோய்த்து ஹெல்மெட் செய்து மாட்டினேன். அம்மா அங்கே கட்டிலில் உட்கார்ந்தபடி கையாலேயே ஒரு காக்கிச் சட்டை தைத்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். கைப்பிள்ளை விரல் அளவுக் காலர், அதற்கு இரட்டைத் தையல்! அன்றிலிருந்து பொம்மைக்குச் சூப்பர்வைசர் என்று பட்டம். "இன்னிக்குச் சூப்பர்வைசரம்மா என்ன சொல்றாங்க?" என்பாள். நானும், "ஒரே திட்டும்மா, டார்கெட் முடியலயாம்" என்பேன்.

தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்து நிழலை எப்படிக் குறைப்பது, தரையில் கன்னம் வைத்துப் படுத்து எடுத்தால் பொம்மை எப்படி ஆள் உயரம் தெரியும், எல்லாம் நானே கண்டுபிடித்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி பொம்மையோடு தரையில் உருள்கிறாள் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். என்னைக் கேட்டால், அந்த இருபது நிமிஷம்தான் நாள் முழுக்க எனக்கு என்று இருந்தது. கம்பெனியில் என் கண் கண்டது எல்லாமே அடுத்தவளுக்குத் தலைவலி. இங்கே என் கண் கண்டதைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள்.

ஆனால் ஒன்று செய்யவில்லை. சரிசெய்து முடித்த இடத்தில் பொம்மையை நிறுத்தவில்லை. ஒரே ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன். ஹால் சுவரைப் பட்டி பார்த்து வெள்ளை அடித்து முடித்த அன்று அதன் முன்னால் வைத்துப் படம் பிடித்தேன். ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்தவள் மாதிரி நின்றாள். பின்னால் வெறும் வெள்ளை. சீ என்று அழித்துவிட்டேன். முடிந்த வேலையில் பார்க்க என்ன இருக்கிறது? அடுத்து சமையல்கட்டு மூலையில் ஓதம் ஏறிக் காரை பெயர்ந்திருந்தது. அதில் தேசப்படம் மாதிரி ஒரு அழகு இருந்தது. பொம்மையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் அம்மாவைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, கண்ணைத் திறந்து பார் என்று காட்ட வேண்டும், அவள் வாயடைத்துப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. முன்னாலேயே படம் போட்டுவிட்டால் அப்புறம் என்ன இருக்கும்?

பாத்ரூம்தான் பெரிய வேலை. கமோடு வைக்கப் பிளம்பர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்து இரண்டு நாள் உட்காரவைத்தேன். மற்றதெல்லாம் நான். பழைய வழவழப்பான டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பானதைப் பதித்தேன். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு ஸ்டீல் கம்பி பொருத்தினேன். முதல் தடவை இழுத்துப் பார்த்தபோது காரையோடு கையில் வந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். பிறகு காரையெல்லாம் கொத்தி எடுத்துச் செங்கல் வரை போய், நீள போல்ட்டு போட்டு, சிமெண்டு அடைத்து, ஒரு வாரம் காயவிட்டேன். எட்டாம் நாள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை மடக்கித் தொங்கினேன். என் முழு எடையும் அதில். அசையவில்லை! பாத்ரூமில் தனியாக ஒரு பொம்பளை கம்பியில் தொங்கிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தேன். அதை யார் படம் பிடிப்பது?

அன்றைக்குக் குரூப்பில் போனது வேறு படம். பழைய டாய்லெட் பேஸினை உடைத்து எடுத்த நாளில் எடுத்தது. சல்லியும் டைல்ஸ் துண்டுமாகக் குவியல், அதன் உச்சியில் ஹெல்மெட்டோடு சூப்பர்வைசர், மேலே வெயில் கீற்றில் தூசி தூசியாக மிதக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அம்மாவிடமிருந்து சிரிப்பு வரவில்லை. ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. வேலையாக இருப்பாள் என்று நினைத்தேன். எட்டாவது மாடியில் கட்டிலில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வேலை?

வர வர அவள் போனில் கேட்பது மாறிக்கொண்டே வந்தது. "இன்னும் ஒடஞ்சிக்கிட்டே இருக்கேடி?" என்றாள் ஒரு நாள்.

"ஒடையலம்மா. சரியாயிக்கிட்டே வருது."

"அப்பிடித் தெரியலயே."

"நேர்ல வந்து பாரு. அசந்து போயிடுவே."

"உன் தலை மேல ஏதாச்சும் விழுந்தா?"

"விழாது. நீ மாத்திரைய ஒழுங்கா போடு."

ஆனி கடைசியில் எல்லா வேலையும் முடிந்தது. மொட்டை மாடியில் ஒழுக்கு அடைக்கிற பெயிண்டு இரண்டு கோட்டு அடித்தேன். அடுத்த மழைக்கு ஹாலில் ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கே போய் அம்மாவைக் கூட்டிவந்திருக்கலாம். ஆனால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வீடு மாற்றக்கூடாது, ஆவணியில் கூட்டிக்கொள் என்று அம்மாவே சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே காத்திருந்தேன். ஆவணியில் நல்ல நாள் பார்த்து, அன்றைக்கு மாவிலை கட்டி, வாசலில் கோலம் போட்டு, அவளை உள்ளே நடக்கவைக்க வேண்டும் என்று மனதுக்குள் எல்லாம் ஜோடித்து வைத்திருந்தேன்.

அந்த ஒரு மாதத்தில்தான் என் முட்டாள்தனம் முழுசாக வேலை செய்தது. வீட்டில் உடைந்தது எதுவும் பாக்கி இல்லை. ஆனால் தினம் படம் போக வேண்டுமே! பொம்மையை எங்கே நிறுத்துவது? போனில் அனுப்பாமல் மிச்சம் வைத்திருந்த பழைய படங்கள் நூறு நூற்றைம்பது இருந்தன. ஒரே விரிசலை நாலு பக்கத்திலிருந்து எடுத்தவை, ஒரே ஓதத்தை மூன்று வெளிச்சத்தில் எடுத்தவை. அதில் நல்லதாகப் பொறுக்கித் தினம் ஒன்று போட்டேன். பழசு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு. வெள்ளை அடித்த சுவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அதே சுவர் பிளந்து கிடக்கும் படத்தை அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது தம்பி போன் செய்தான். "அக்கா, பின்தெருவுல பி.ஜி. கட்டிருக்காரே, அவரு நம்ம எடத்தக் கேட்டாரு. அம்மா சரின்னுட்டாங்க. ஆவணி மொத முகூர்த்தத்துல ரிஜிஸ்டரு வெச்சுக்கலாம்னு."

பி.ஜி. என்றால் ஐ.டி. பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டல். எங்கள் சந்தைச் சுற்றி ஒவ்வொரு வீடாக விழுந்து அப்படித்தான் ஐந்து மாடி ஆகிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு, பர்மிஷன்கூடக் கேட்காமல் கம்பெனியிலிருந்து கிளம்பி, ஹெண்ணூருக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்கத் தம்பியைக் கேட்க வேண்டியதை வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மாவை மிரட்டியிருக்கிறான், ஏமாற்றியிருக்கிறான் என்று ஒரே கொதிப்பு.

அவன் வீட்டில்தான் இருந்தான். நான் கத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான், "சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலக்கா. அம்மாதான் கூப்ட்டு வித்துடலாம்னாங்க. அவங்களயே கேளு."

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி, என் படங்களை எனக்கே காட்டினாள்.

"இது ஹால் செவுரு. மொத மொத அனுப்பினது. சரி பண்ணிட்டேன்னே. இதோ பாரு, மறுபடியும் ஒடஞ்சிருக்கு. அப்பறம் இதோ, போன வாரம். மூணாவது தரம்டி. மூணு தரம் வந்திருச்சு."

"அது பழைய படம்மா."

"சமயக்கட்டு மூலை? அதுவும் மூணு தரம். குழாய் நாலு தரம். ஒண்ணாச்சும் நல்லா இருக்கற படம் இருக்கா இதுல? ஒண்ணு காட்டு. ஒரே ஒண்ணு. ஒன்றர வருஷமா பாக்கறேன், ஒரு எடம் முழுசா இல்ல. அது தேறாத வீடு. நீ என்னாத்துக்கு அதுல கெடந்து சாவணும்? உன் தலைல விழுந்துச்சுன்னா நான் யாரப் பாத்து அழறது?"

அவள் குரல் உடைந்துவிட்டது. அவள் எட்டாவது மாடி வேண்டும் என்று அதைச் செய்யவில்லை. தினம் காலையில் என் படத்தைப் பார்த்து, தினம் பயந்து, என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று செய்திருக்கிறாள். தம்பி ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். ஆயுசுக்கும் அவனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்போதாவது நான் வாயைக் கட்டிக்கொண்டு, வா, காரில் ஏறு, வந்து பார் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. ஒன்றரை வருஷம் நகம் பிய்ந்து வேலை செய்தவளைப் பார்த்து, தேறாது என்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. "வித்துத் தொலைங்க. எக்கேடு கெட்டோ போங்க. இனி நான் ஒரு வார்த்த பேசல" என்று கத்திவிட்டு, லிப்டுக்குக்கூட நிற்காமல் எட்டு மாடியும் படியிலேயே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்தேன். எதிரே சுவர் பளிச்சென்று இருந்தது. பொம்மை பிரிட்ஜ் மேல் இருந்தது. போன் கையில் இருந்தது. ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் போதும். அனுப்பவில்லை. அவளே கேட்கட்டும் என்று இருந்தேன். அவளும் கேட்கவில்லை. நான் கத்தியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்களாம். இப்படிப் பதினோரு நாள் இரண்டு பேரும் வீம்பு பிடித்தோம். பன்னிரண்டாம் நாள் ரிஜிஸ்டர் ஆபீசில் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று கையெழுத்துப் போட்டாள். வாரிசு என்பதால் நானும் போட்டேன். அத்தனை கோபம்.

வெளியே வந்து தம்பியின் காரில் ஏறினோம். என்னைச் சந்து முனையில் இறக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. லிங்கராஜபுரம் நெருங்கும்போது அம்மா தம்பியின் தோளைத் தட்டினாள். "எனக்கு அவசரமா பாத்ரூம் போணும்டா."

"இன்னும் அரை மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடலாம்மா."

"அரை மணியெல்லாம் தாங்காது. நம்ம வீட்டுக்கே விடு."

நம்ம வீடு என்று வாய்தவறிச் சொன்னாள். யாரும் திருத்தவில்லை.

கதவைத் திறந்தேன். அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் வந்தாள். அவசரத்தில் வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போனாள். நான் உதவிக்குக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வாக்கரை வெளியே விட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். தம்பி வீட்டில் ஒன்றரை வருஷமாக அவளோடு எப்போதும் ஒரு ஆள் உள்ளே போக வேண்டும். அது அவளுக்குச் சாவை விடக் கேவலம். தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. கம்பியைப் பிடித்து எழுந்திருக்கும் முனகல் கேட்டது. கதவு திறந்தது.

வெளியே வந்தவள் உடனே வாக்கரைப் பிடிக்கவில்லை. சமையல்கட்டு மூலைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே போய், ஓதம் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்த்தாள். முப்பது வருஷம் அப்படித்தான் அவள் காலர் தையலைத் தடவிப் பார்ப்பாள்.

"நல்லாத்தானடி இருக்கு?" என்றாள்.

திரும்பி ஹால் சுவரையும் இன்னொரு தடவை பார்த்தாள்.

"எல்லாமே நல்லாத்தானடி இருக்கு! பாவி, இத ஏன்டி எனக்கு ஒரு படம் அனுப்பல?"

"சரியா இருக்கறதுல நாம என்னிக்கும்மா ஸ்டிக்கர் ஒட்டிருக்கோம்?" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. சுவரிலேயே சாய்ந்துகொண்டு, சின்னக் குரலில், "இப்பப் போயி வேணாம்னு சொன்னா?" என்று கேட்டாள்.

வாசலில் தம்பி ஹாரன் அடித்தான். பின்னால் ஒரு தண்ணி லாரி வந்து நின்றுவிட்டதாம்.

வீட்டை இடித்தாயிற்று. இடிக்கும்போது நான் போகவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார், பாத்ரூம் கம்பி மட்டும் எப்படியும் கழன்று வரவில்லையாம், செங்கல்லோடு பெயர்த்தார்களாம். கேட்டுச் சந்தோஷப்பட என்ன இருக்கிறது. நான் தொம்மலூரில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். புதுக் கட்டடம். குழாய் ஒழுகாது, சுவர் வெடிக்காது. ஓனரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்கள், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று. என் ட்ரில் மெஷின் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அம்மா எட்டாவது மாடியில் இருக்கிறாள். என் அறை இரண்டாவது மாடி, லிப்டு இல்லை. அவளை இங்கே கொண்டுவர வழியில்லை.

ஒரு மாதம் கழித்து அவளே போனில் கேட்டாள், "சூப்பர்வைசர் எங்கடி?" என்று. மறுநாள் காலை பொம்மைக்குக் காக்கிச் சட்டை மாட்டி, ஹெல்மெட் வைத்து, இடது கண்ணைத் தட்டித் திறந்து, இந்த அறையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். பின்னால் வெறும் வெள்ளை. அழிக்காமல் அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் அம்மா கூப்பிட்டாள். "கண்ணாடி போட்டுட்டு, பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டேன்டி. எங்க ஒடஞ்சிருக்குன்னே தெரியல. எங்கடி?"